முகமில்லாத ஒரு சிற்பம் யாழ் நகர நடுவில் நிற்கலாமா?

சித்திரமாஸ்ரர் | வெள்ளி, இரவு 8.10

பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறேன். போன கிழமை பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நகரத்துக்குள் நடந்தேன். கையில் கொப்பி, பென்சில். வழியில் நிற்கிற சிலைகளையும் சின்னங்களையும் பார்த்துக் கீறுவதுதான் அன்றைய பாடம். பொதுநூலக வாசலில் சரஸ்வதி. கொஞ்சம் தள்ளித் தந்தை செல்வா நினைவுத் தூண். வீரசிங்கம் மண்டபத்தடியில் 1974 தமிழாராய்ச்சி மாநாட்டில் இறந்தவர்களின் நினைவுச் சின்னம். கடைசியாக மணிக்கூட்டுக் கோபுரம். 1875 இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் ஞாபகமாகக் கட்டியது அது.

கோபுரத்தடியில் இருந்து கீறும்போது ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், எல்லாம் ஆரோ ஒராளுக்காகத்தானே நிக்குது. ஒருத்தருக்கும் இல்லாமல், சும்மா வடிவா ஒண்டு ஏன் இல்லை?"

அந்த இடத்தில் எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. எங்கள் ஊரில் அழகுக்கே வடிவு என்றுதான் பெயர். வடிவான பிள்ளை, வடிவான சீலை என்கிறோம். அந்த வடிவு இன்னொன்றைப் போல இருக்கவேண்டும் என்ற கட்டாயம் அந்தச் சொல்லுக்குள் இல்லை. ஆனால் சந்திகளில் நாங்கள் நிறுத்தி வைத்திருப்பதெல்லாம் முகங்கள். தலைவர், புலவர், அரசர், தெய்வம். ஒவ்வொரு முகத்துக்கும் பின்னால் ஒரு கட்சியோ ஊரோ காலமோ நிற்கிறது. வைக்கும்போதும் வழக்கு, உடைக்கும்போதும் வழக்கு.

புல்லுக்குளத்துக்கும் முற்றவெளிக்கும் இடைப்பட்ட வெளியில் முகமே இல்லாத ஒரு சிற்பம் நின்றால் எப்படி இருக்கும்? கல்லோ இரும்போ எதுவாகவும் இருக்கட்டும். பார்க்கிறவர் தனக்குத் தோன்றுவதை அதில் பார்க்கட்டும். இப்படி ஒன்றை எங்கள் சனம் ஏற்றுக்கொள்ளுமா? மனதில் படுவதை எழுதுங்கள்.

பெரியகடைக்காரன் | வெள்ளி, இரவு 8.52

மாஸ்ரர், உங்களில் மரியாதை உண்டு. என்ர மகளும் உங்களைப் போல ஒருவரிடம்தான் சித்திரம் படித்தாள். ஆனால் எனக்கு இது சரியாகப் படவில்லை.

முப்பது வருடமாகப் பெரியகடையில் கடை வைத்திருக்கிறேன். மாரியில் ஒரு மணித்தியாலம் மழை பெய்தால் கடை வாசலில் தண்ணீர் நிற்கும். தீவுப் பகுதியில் இருந்து சாமான் வாங்க வருகிற ஆச்சிமார் உச்சி வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். குந்த ஒரு கட்டு இல்லை, நிழலுக்கு ஒரு மரம் இல்லை. பெண்கள் போகச் சுத்தமான கழிப்பறை தேடி அலைகிறார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு, என்னவென்றே தெரியாத ஒன்றுக்குக் காசு போட வேண்டுமா? அந்த ஆச்சிக்கு அதால் என்ன பயன்?

ஸ்காபரோ86 | வெள்ளி, இரவு 10.31

பெரியகடை அண்ணைக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

நான் 1986 இல் ரொறன்ரோ வந்தேன். முதல் குளிர்காலத்தில் வேலை தேடி நகரசபைப் பக்கம் அலைந்தபோது சதுக்கத்தில் ஒரு பெரிய வெண்கலக் கட்டி நிற்பதைக் கண்டேன். எலும்பா, பாறையா, படுத்திருக்கிற மாடா, ஒன்றும் விளங்கவில்லை. குளிருக்கு அதன் மறைவில் ஒதுங்கி நின்றேன். அது ஹென்றி மூர் என்கிற ஆங்கிலச் சிற்பியின் 'வில்லாளன்' என்று பல வருடம் கழித்துத்தான் அறிந்தேன்.

அதற்கு ஒரு கதை உண்டு. 1966 இல் மேயராக இருந்த பிலிப் கிவன்ஸ் அதை வாங்க விரும்பினார். இதற்குப் பொதுப்பணம் தரமுடியாது என்று நகரசபை சொல்லிவிட்டது. பெரியகடை அண்ணை கேட்ட அதே கேள்விதான் அங்கேயும் எழுந்தது. அவர் தனியாரிடம் பணம் சேர்த்து வாங்கி நிறுத்தினார். அந்த வருட மார்கழித் தேர்தலில் தோற்றார். தோல்விக்கு இந்தச் சிற்பமும் ஒரு காரணம் என்று இன்றைக்கும் கதைக்கிறார்கள். ஆனால் அந்த உறவு நின்றுவிடவில்லை. மூர் தன் வேலைகளில் பெரும் தொகையை ஒன்ராறியோ கலைக்கூடத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். 1974 இல் அவற்றுக்கென்றே ஒரு பகுதி திறந்தார்கள். வெறுத்த நகரத்துக்கே அந்தச் சிற்பம் இன்று அடையாளம்.

என் பேரப்பிள்ளைகள் பக்கத்தில் உள்ள பனித்தளத்தில் சறுக்கிவிட்டு வந்து அதைத் தடவுவார்கள். என்னவென்று ஒருநாளும் கேட்டதில்லை.

கொட்டடி இரும்பு | சனி, காலை 6.05

காலை வணக்கம். நான் வெல்டிங் கடை வைத்திருப்பவன். கேற், கிறில், தண்ணீர்த் தாங்கி நிறுத்துகிற கால், இவைதான் என் வேலை. கலை பற்றிக் கதைக்கத் தெரியாது, இரும்பு பற்றிக் கொஞ்சம் தெரியும்.

மாஸ்ரர் சொன்ன இடத்துக்குக் கடல் கூப்பிடு தூரம். சோளகக் காற்று எழும்பினால் அதோடு உப்பும் வரும். கறுத்த இரும்புக்கு ஒட்சைட் அடித்து மேலே இரண்டு பூச்சுப் பெயின்ற் அடித்துக் கொடுத்த கேற், பண்ணைக் கடற்கரைப் பக்கத்தில் மூன்றாம் வருடம் அடிப்பட்டத்தில் துருப் பூக்கத் தொடங்கும். வெளிநாட்டுச் சிற்பங்களின் படங்களில் துருநிறத்தில் ஓர் இரும்பு வருகிறதே, கோர்ட்டென் என்பார்கள், அதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அது மேலே ஒரு துருத்தோல் பிடித்துத் தன்னைத் தானே காக்கிற இரும்பு. உப்புக் காற்றில் அந்தத் தோல் நிலைக்காது, உள்ளே தின்றுகொண்டே போகும். ஹவாயில் அந்த இரும்பால் கட்டி 1975 இல் திறந்த அலோஹா விளையாட்டரங்கு துருப்பிடித்துத் திருத்தவே பெரும் செலவு வைத்தது.

ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் போடலாம். ஆனால் கைபிடிகளுக்குப் போடுகிற 304 கடலோரத்தில் பழுப்புக் கறை பிடிக்கும். மொலிப்டினம் கலந்த 316 வேண்டும், விலை நிறைய. கொங்கிறீற் என்றால் கடல் மணல் கலக்காமல் பார்க்கவேண்டும். உப்பு உள்ளே போனால் கம்பி ஊதிக் கொங்கிறீற்றைப் பிளந்துவிடும்.

என் கை இரும்பில் பழகியது, ஆனாலும் சொல்கிறேன், அந்த இடத்துக்குக் கல்தான். கோட்டையைப் போய்ப் பாருங்கள். ஒல்லாந்தர் ஐங்கோணமாகக் கட்டி முந்நூறு வருடத்துக்கு மேல். முருகைக்கல், அதாவது பவளக்கல், உப்போடு பழகிய கல். அதை உடைத்தது குண்டு, கடற்காற்று அல்ல.

பரமேஸ்வராச் சந்தி | சனி, காலை 9.20

இரும்பு அண்ணைக்கு ஒரு சேதி. சென்னைக்குப் பக்கத்தில் 1966 இல் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் எஸ். நந்தகோபால் என்ற சிற்பி இருந்தார். செம்பையும் பித்தளையையும் தகடு தகடாக ஒட்டித்தான் சிற்பம் செய்தார். கோயில் வாகனத்தையும் திருவாசியையும் நினைவுபடுத்துகிற வடிவங்கள் அவை. உங்கள் கையில் இருக்கிற தொழில்தான் அவர் கையிலும் இருந்தது. ஆகவே கலை பற்றிக் கதைக்கத் தெரியாது என்று சொல்லாதீர்கள்.

மாஸ்ரரின் கேள்விக்கு வருகிறேன். நான் பல்கலைக்கழக மாணவன். முகம் இல்லாவிட்டால் சண்டை இல்லை என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. கிளிநொச்சிச் சந்தியில் இராணுவம் கட்டிய நினைவுச் சின்னத்தைப் பார்த்திருப்பீர்கள். சாம்பல் நிறத்தில் ஒரு கொங்கிறீற் கட்டி, அதைத் துளைத்துப் பிளக்கிற குண்டு, மேலே ஒரு தாமரை. அதில் முகம் இல்லை. ஆனால் யாருடைய வெற்றி, யாருடைய தோல்வி என்று அந்த வழியால் போகிற ஒவ்வொருவருக்கும் தெரியும். அங்கே விழுத்தப்பட்ட தண்ணீர்த் தாங்கியும் அப்படித்தான். சிற்பி கைவைக்காத பெரிய ஒரு வடிவம் தரையில் சாய்ந்து கிடந்தது. அதைச் சுற்றி மதில் கட்டி, விளக்கம் எழுதி, தெற்கிலிருந்து வந்த பஸ்களுக்குக் காட்சிப்பொருள் ஆக்கினார்கள். யார் நிறுத்தினார்கள், யாரைக் கேட்டு நிறுத்தினார்கள் என்பதில்தான் வடிவத்தின் பொருள் தொடங்குகிறது.

எங்கள் வளாகத்திலேயே பாருங்கள். 2009 போரின் முடிவில் இறந்த சனத்துக்காக, நீருக்குள் இருந்து கைகள் எழும்புகிற முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபி. அதிலும் எந்த ஒருவரின் முகமும் இல்லை. 2021 ஜனவரி 8 இரவு அதை இடித்தார்கள். மாணவர்கள் வாசலில் உண்ணாமல் இருந்தார்கள். மூன்றாம் நாள் திரும்ப அடிக்கல் வைத்து, சித்திரையில் மீண்டும் எழுந்தது. முகமில்லாத கைகளுக்காகத்தான் அவ்வளவு பேரும் வந்து நின்றார்கள்.

ஆகவே எனக்கு இது வேண்டும். சண்டை வராது என்பதற்காக வேண்டாம். சண்டை வந்தாலும் அதன் பக்கத்தில் போய் நிற்கக்கூடியதாக அது இருக்கவேண்டும்.

கோப்பாய் | சனி, பகல் 12.48

எல்லாவற்றையும் வாசித்தேன். எழுதலாமா விடலாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

என் அண்ணா 2009 இல் காணாமல் போனவர். அம்மாவுக்கு இப்போது எழுபத்தொன்பது வயது. எங்கள் ஊரில் போரில் இறந்த போராளிகளைப் புதைத்திருந்த துயிலும் இல்லத்தை இடித்து அந்த நிலத்தில் இராணுவ முகாம் கட்டினார்கள். அங்கே தன் பிள்ளையின் கல்லை இழந்த தாய்மாரை எனக்குத் தெரியும். அவர்களுக்கு ஒரு கல்லாவது இருந்தது. என் அம்மாவுக்கு இழக்கவும் ஒரு கல் இல்லை. படம் ஒன்று இருக்கிறது, அதைத்தான் மடியில் வைத்துக்கொண்டு போராட்டப் பந்தலில் இருக்கிறார்.

முகமில்லாத சிற்பம் என்று மாஸ்ரர் எழுதியதை வாசித்தபோது எனக்குப் பயம்தான் வந்தது. எங்களிடம் மிஞ்சியிருப்பது முகமும் பெயரும் மட்டும். அவற்றை எடுத்துவிட்டு, எல்லாருக்கும் பொதுவான ஒரு வடிவத்தை வைத்து, இனி எல்லாரும் இதைப் பாருங்கள் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். மறக்கச் சொல்லுகிறவர்களுக்கு அது வசதியாகப் போகும்.

மாஸ்ரர் அப்படி நினைத்து எழுதவில்லை என்று தெரியும். கோபத்தில் எழுதவில்லை.

சித்திரமாஸ்ரர் | சனி, பகல் 1.30

தங்கச்சி, நீங்கள் எழுதியது நல்லது. அந்தப் பக்கத்தை நான் நினைக்கவில்லை. பெயருக்குப் பதிலாக ஒரு வடிவம் என்று யார் கேட்டாலும் நான் எதிர்த்து நிற்பேன்.

பரமேஸ்வராச் சந்தி | சனி, பிற்பகல் 2.15

அக்கா, பெயரையும் வடிவத்தையும் ஒன்றாக வைத்த இடம் ஒன்று உண்டு. வாஷிங்டனில் வியட்நாம் போரில் இறந்த அமெரிக்கப் படையினருக்கான சுவர். 1981 இல் போட்டி வைத்தார்கள், 1,421 வரைபடங்கள் வந்தன. வரைந்தவர் பெயரை மறைத்துத் தெரிவு செய்ததில் வென்றது மாயா லின் என்ற 21 வயது மாணவி. நிலத்தைக் கீறியது போலத் தாழ்ந்து போகிற கறுப்புக் கற்சுவர், அதில் பெயர்கள் மட்டும், 58,000 வரை. சிலை இல்லை, கொடி இல்லை என்று பெரிய எதிர்ப்பு. ஈடு செய்ய 1984 இல் மூன்று படைவீரர் சிலையைப் பக்கத்தில் வைத்தார்கள். ஆனால் சனம் சுவரடிக்குத்தான் போகிறது. விரலால் பெயரைத் தடவுகிறார்கள், தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பெயரைப் பிரதி எடுக்கிறார்கள். பளபளப்பான கல்லில் பெயருக்கு மேல் தங்கள் முகமே தெரிகிறது.

இன்னொன்று ருமேனியாவில். தர்கு ஜியு என்ற ஊரைக் காத்து 1916 இல் இறந்தவர்களுக்காக, அந்தப் பகுதிப் பெண்கள் சங்கம் கேட்டு, பிரான்குசி 1938 இல் நிறுத்திய தூண். 29 மீட்டருக்கு மேல் உயரம், ஒரே வடிவம் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிப்போகிறது. பெயரும் இல்லை, முகமும் இல்லை. 1950களில் அதிகாரத்தில் இருந்தவர்கள் அதைச் சாய்க்கப் பார்த்தார்கள், முடியவில்லை. 2024 இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கேட்டவர்கள் பெண்கள் என்பதை நான் அடிக்கடி நினைப்பேன். இறந்தவர்களின் வீட்டார் கேட்டு எழுந்த வடிவம் அது.

சோனகதெரு | சனி, மாலை 4.40

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். இந்த இடத்தில் நான் அதிகம் எழுதுவதில்லை.

1990 ஒக்டோபர் 30 அன்று, யாழ்ப்பாண முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது, எனக்கு ஒன்பது வயது. வெளிக்கிட இரண்டு மணித்தியாலம் தந்தார்கள். வாப்பா கடைத் திறப்பைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார். புத்தளத்தில் வளர்ந்தேன், பிறகு திரும்பி வந்தேன். இப்போது என் பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள்.

மாஸ்ரர் எழுதிய சிலைகள் ஒவ்வொன்றையும் நானும் பார்த்துக்கொண்டுதான் போகிறேன். மரியாதை உண்டு. ஆனால் அவை எதுவும் என்னைப் பார்த்து நிற்பதாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. எங்கள் மார்க்கத்தில் உருவம் வைப்பதில்லை. பள்ளிவாசல் மரவேலையில் பாருங்கள், நட்சத்திரம், கோணம், கொடி, எழுத்து. முகமில்லாத வடிவு எங்களுக்குப் புதிதில்லை, அதில்தான் வளர்ந்தோம். நகர நடுவில் அப்படி ஒன்று நின்றால், இந்த ஊரில் என் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், இதுவும் உன்னுடையதுதான் என்று சொல்லக்கூடிய முதல் சின்னம் அதுவாக இருக்கும்.

கோப்பாய்த் தங்கச்சியின் பயமும் எனக்கு விளங்குகிறது. எங்களுக்கு நடந்ததையும் பொதுச் சொல் ஒன்றுக்குள் கரைத்துவிடுகிறவர்கள் உண்டு.

பெரியகடைக்காரன் | சனி, மாலை 5.02

நானா, உங்கள் வாப்பாவின் கடை எந்த வரிசையில் இருந்தது என்று எழுதுங்கள். எனக்குத் தெரிந்திருக்கக்கூடும்.

இணுவில் | சனி, இரவு 7.35

எனக்கு வயது எழுபத்திரண்டு. நீங்கள் எல்லாரும் வாஷிங்டன், ருமேனியா என்று போகிறீர்கள். சரி, போங்கள். ஆனால் முகமில்லாத கல் எங்கள் தெருவிலேயே நின்றது.

என் சிறுவயதில் காங்கேசன்துறை வீதியால் சந்தைக்கு நடந்து போவோம். அம்மா தலையில் கடகம். ஒரு மைல், ஒன்றரை மைலுக்கு ஒரு சுமைதாங்கி வரும். இரண்டு தூண், மேலே குறுக்கே ஒரு கல். நிற்கிற மனுசர் ஒருவரின் உதவியும் இல்லாமல் தலைச்சுமையைத் தள்ளி இறக்கிவைக்கத் தோதான உயரம். பக்கத்தில் ஓர் ஆவுரஞ்சிக் கல், மாடுகள் உடம்பு உரஞ்ச. தண்ணீர்த் தொட்டி, கிணறு, ஒரு மடம், நிழலுக்கு மருதோ ஆலோ. எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். யாரோ ஒருவர் தருமமாகக் கட்டிவிட்டது.

சுமைதாங்கி ஏன் கட்டினார்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணுக்காகக் கட்டுவது வழக்கம். இறக்கிவைக்காத சுமையோடு போனவள் என்பதால், அவள் பெயரில் மற்றவர்கள் சுமை இறக்கட்டும் என்று. அதில் அந்தப் பெண்ணின் உருவம் இல்லை. அவளுடைய துக்கம் மட்டும் அந்த உயரத்தில், அந்தக் குறுக்குக் கல்லில் இருக்கிறது. சிலையை அண்ணாந்துதான் பார்க்கவேண்டும். சுமைதாங்கிக்குக் கிட்டப் போய்த் தோளைச் சாய்க்கலாம்.

கோயிலுக்கு வாருங்கள். நல்லூர் மூலத்தானத்தில் இருப்பது வேல். சிவன் கோயிலில் லிங்கம். வீரர்களுக்கு நட்டது நடுகல், அதிலும் ஆதியில் வெறும் கல்லே. உருவமில்லாததைக் கும்பிடுகிற சனத்துக்கு உருவமில்லாத சிற்பம் விளங்காது என்று யார் சொன்னது? விளங்காமல் போனது எங்களுக்கு இடையில்தான். வீதி அகட்டினார்கள், சுமைதாங்கியைப் பிடுங்கி ஒழுங்கைக்குள் போட்டார்கள். அதைக் காணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு வலிக்கும்.

பெரியகடைத் தம்பி ஆச்சிக்கு என்ன பயன் என்று கேட்டீர்கள். அந்த ஆச்சியின் தாய்க்குப் பயன்பட்ட சிற்பம் அது.

வல்வைப் பட்டம் | சனி, இரவு 8.20

ஐயா எழுதியதை வாசித்துக் கண் கலங்கிவிட்டது.

எங்கள் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கல் அன்று கடற்கரைக்கு வந்தால் தெரியும், எத்தனை பெடியள் சிற்பிகள் என்று. அன்று பட்டம் ஏற்றுவார்கள். மூங்கில், தாள், நூல், அவ்வளவுதான். பெட்டி, சக்கரம், ஒன்றுக்குள் ஒன்று திரும்புகிற கூடு. இது என்ன உருவம் என்று பார்க்க வருகிறவர் யாரும் கேட்பதில்லை, எழும்புதா என்றுதான் பார்ப்பார்கள். காற்றில் அசைகிற, பட்டத்தில் கட்டுகிற விண்ணைப் போலக் காற்றில் கூவுகிற ஒன்றாக நகரச் சிற்பம் இருந்தால்? வாடைக்கு ஒரு சத்தம், சோளகத்துக்கு ஒரு சத்தம். கண் தெரியாதவருக்கும் அது இருக்கும்.

கொட்டடி இரும்பு | சனி, இரவு 9.44

தம்பி, எனக்கும் ஆசைதான். ஆனால் அசைகிற பாகம் என்றால் பெயறிங் வேண்டும், கிறீஸ் வேண்டும், மாதம் ஒருக்கால் ஆள் ஏறவேண்டும். உப்பு முதலில் தின்பது பெயறிங்கைத்தான். பராமரிக்க ஆள் இல்லாத அசைகிற சாமான் இரண்டாம் வருடம் நின்றுவிடும், புயலில் கழன்று விழுந்தால் கீழே நிற்கிறவருக்கு ஆபத்து. சத்தத்துக்கு வேறு வழி உண்டு. கல்லில் சரியான இடத்தில் துளை விட்டால் காற்றே ஊதும், அசைய ஒன்றும் தேவையில்லை. துளை வாயை எப்படிச் சரிப்பது என்று நான் குழாயில் செய்து பார்த்துச் சொல்கிறேன்.

கல் எங்கே எடுப்பது என்றும் யோசித்தேன். முருகைக்கல்லைக் கடலில் உடைக்கத் தடை, அது சரியான தடை. சுண்ணக்கல்லைப் புதிதாகத் தோண்டினால் எங்கள் நன்னீருக்குக் கேடு.

மயிலிட்டி | சனி, இரவு 10.58

கல் நான் தருகிறேன்.

1990 இல் போரால் ஊரை விட்டு வெளிக்கிட்டோம். இராணுவம் வைத்திருந்த துறைமுகப் பக்கத்தை 2017 ஆடியில் விட்டபோது அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். இருபத்தேழு வருடம். வீடு இல்லை, அத்திவாரமும் கிணற்றுக்கட்டும்தான். அப்பாவின் அப்பா கட்டின வீடு, எல்லாம் கல். ஒதுக்கிக் குவித்த கல் வளவு மூலையில் இன்னும் கிடக்கிறது. புது வீட்டைச் சீமெந்துக் கல்லில் கட்டினோம், ஏனென்றால் பழைய கல் கணக்குக்குப் போதவில்லை. ஆனாலும் எறிய மனம் வரவில்லை. எங்கள் ஒழுங்கையிலேயே இப்படிக் குவியல் வைத்திருக்கிற வீடுகள் நாலைந்து உண்டு. கேட்டுப் பார்க்கிறேன்.

ஸ்காபரோ86 | ஞாயிறு, காலை 7.10

மயிலிட்டித் தம்பி, இங்கே இரவு. வாசித்துவிட்டு நித்திரை வரவில்லை. எங்கள் ஊர் வீட்டின் வாசற்படிக் கல்லும் கிடக்கிறது. அதையும் எடுங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். யாரையும் கேளாமல் செய்யாதீர்கள். நியூயோர்க்கில் ரிச்சர்ட் செர்ரா 1981 இல் அரச அலுவலகச் சதுக்கத்தின் குறுக்கே 36 மீட்டர் நீளத்தில் சாய்ந்த ஓர் இரும்புச் சுவர் நிறுத்தினார். நல்ல சிற்பி, பெரிய பெயர். ஆனால் தினமும் அந்த வழியால் நடந்து வேலைக்குப் போனவர்கள் சுற்றிப் போகவேண்டி வந்தது. 1985 இல் விசாரணை வைத்தார்கள். 180 பேர் பேசினார்கள், 122 பேர் இருக்கட்டும் என்றார்கள், 58 பேர் எடுங்கள் என்றார்கள். பெரும்பான்மை வேண்டும் என்று சொல்லியும் 1989 மார்ச்சில் இரவோடு இரவாக வெட்டி எடுத்தார்கள். நிறுத்தும் முன் கேட்கவில்லை, எடுக்கும்போது கேட்டும் கேட்கவில்லை. இரண்டும் பிழை என்பது என் எண்ணம்.

சிக்காகோவில் வேறு மாதிரி. பிக்காசோ 1967 இல் கொடுத்த 15 மீட்டர் உயர இரும்புச் சிற்பம், பெண்ணின் தலையா குரங்கா என்று நகரமே திட்டியது. அதை எடுத்துவிட்டு பேஸ்போல் வீரர் ஒருவரின் சிலையை வைக்கவேண்டும் என்று நகரசபை உறுப்பினர் ஒருவரே கேட்டார். ஆனால் அது நடுவழியை மறிக்கவில்லை, அதன் சாய்ந்த அடிப்பகுதியில் பிள்ளைகள் ஏறிச் சறுக்கினார்கள். சறுக்கின பிள்ளைகள் வளர்ந்தார்கள், சிற்பமும் நின்றுவிட்டது.

பரமேஸ்வராச் சந்தி | ஞாயிறு, காலை 8.25

பெயர்ப்பலகை பற்றியும் முன்கூட்டியே முடிவு எடுக்கவேண்டும். பக்கத்திலேயே நிற்கிற பண்பாட்டு மையத்துக்குப் பெயர் மாற்றியதில் 2025 ஜனவரியில் எவ்வளவு மனவருத்தம். யாழ்ப்பாணம் என்ற சொல்லே விடுபட்டது, பலகையில் தமிழ் மூன்றாம் இடத்துக்குப் போனது. பிறகுதான் யாழ்ப்பாணம் என்று சேர்த்தார்கள். இந்தக் கல்லில் திறந்துவைத்தவர் பெயர் வரக்கூடாது. கல் கொடுத்த ஊர்களின் பெயர் போதும்.

கோப்பாய் | ஞாயிறு, காலை 9.05

நேற்றிரவு இணுவில் ஐயா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, தன் தாயோடு சந்தைக்குப் போகும்போது சுமைதாங்கியடியில் தண்ணீர் குடித்ததைச் சொன்னார். அந்தத் தண்ணீரின் ருசியைச் சொன்னார்.

சுமைதாங்கி என்றால் அம்மாவைக் கூட்டி வருவேன். அதில் நல்லிணக்கம் என்று எழுதினால் வரமாட்டேன். அது எங்கள் பிள்ளைகளின் நினைவிடம் என்று சொன்னாலும் வரமாட்டேன், ஏனென்றால் எங்களுக்கு முதலில் பதில் வேண்டும். சுமையோடு வருகிறவர் யாராக இருந்தாலும் இறக்கலாம் என்று மட்டும் இருந்தால் சரி.

சோனகதெரு | ஞாயிறு, காலை 9.30

அவ்வளவுதான் எனக்கும் வேண்டும்.

பெரியகடை அண்ணைக்கு: வாப்பாவின் கடை கஸ்தூரியார் வீதியில், தையல் சாமான் கடை.

பெரியகடைக்காரன் | ஞாயிறு, காலை 10.12

நானா, எனக்கு அவரைத் தெரியும். சின்னப் பெடியனாக அம்மாவுக்குப் பொத்தானும் நூலும் வாங்க அங்கேதான் போவேன். மிச்சக் காசோடு ஒரு தோடம்பழ இனிப்புத் தருவார். நாளைக்குக் கடைக்கு வாருங்கள், நேரில் கதைப்போம்.

மாஸ்ரர், முதல் நாள் எழுதியதை இப்போது இப்படி மாற்றிச் சொல்கிறேன். கல் மட்டும் என்றால் நான் இல்லை. பக்கத்தில் மரம் வேண்டும், மருதமரமே வைக்கலாம். குந்துவதற்குக் கட்டு வேண்டும். குடிதண்ணீர் வேண்டும். தண்ணீர்ப் பானையும் அதை நாளாந்தம் நிரப்புகிற ஆளின் சம்பளமும் என் கடைப் பொறுப்பு. நான் இல்லாத காலத்துக்கு மகளிடம் சொல்லி வைக்கிறேன். மாநகர சபையிடம் இடம் கேட்டு எழுதுகிற கடிதத்தில் வியாபாரிகளின் கையெழுத்து நான் வாங்கித் தருவேன்.

கொட்டடி இரும்பு | ஞாயிறு, பகல் 11.40

உயரம் எவ்வளவு என்று யாராவது சொல்லுங்கள். இரும்புக் கம்பியில் அளவுக்கு ஒரு சட்டம் செய்து அந்த இடத்தில் ஒரு நாள் நிறுத்திப் பார்ப்போம். சனம் என்ன சொல்லுது என்று பக்கத்தில் நின்று கேட்கலாம். பிழை என்றால் கழற்றி ஏற்றிக்கொண்டு வரலாம், கல்லில் அப்படி முடியாது.

சித்திரமாஸ்ரர் | ஞாயிறு, மாலை 6.20

இரும்புத் தம்பி, இன்று பின்னேரம் இணுவில் ஐயாவின் வீட்டுக்குப் போனேன். ஐயா சொன்ன, ஒழுங்கைக்குள் போட்ட சுமைதாங்கியைத் தேடிப்போனோம். ஒரு தூண் முறிந்துவிட்டது, மற்றது வேலிக்குள் சாய்ந்து நிற்கிறது. குறுக்குக் கல் முழுசாக இருக்கிறது. கேள்வி கேட்ட பிள்ளையையும் தாயோடு வரச்சொல்லியிருந்தேன். அவள்தான் நாடாவைப் பிடித்தாள்.

நின்ற தூணில் மண்ணுக்கு மேல் நாலடி மூன்று அங்குலம். மண்ணுக்குள் எவ்வளவு புதைந்திருக்கிறது என்று கிளறிப் பார்த்தோம், பழைய தெருமட்டம் அரையடி கீழே தெரிந்தது. ஆகவே மொத்தம் நாலடி ஒன்பது அங்குலம் என்று வைத்துச் சட்டம் செய்யுங்கள். குறுக்குக் கல் ஐந்தடி ஓர் அங்குலம் நீளம், ஓரடி அகலம். மேல்பக்கம் நடுவில் கொஞ்சம் குழிந்திருக்கிறது, சுமைகள் உரஞ்சி உரஞ்சி. அந்தக் குழிவை அவள் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்திருக்கிறாள். நாளைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் உங்கள் கடைக்குக் கொண்டுவருகிறோம்.